பிரித்துப் பார்த்தால் புரியும்! – கொங்கு நாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே மென்பொருள் பாடம்

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இந்தக் கதை மனப்பாடம். கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த பையன் ஒருவன், ஊருக்கு வந்த வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து அசந்து நின்றான். மாடும் இழுக்கவில்லை, குதிரையும் இழுக்கவில்லை. வண்டி மட்டும் ஓடுகிறதே! அது மனதை விட்டுப் போகவில்லை. கோவைக்கு வந்து ஓட்டலில் வேலை பார்த்தான், காசு சேர்த்தான், அதே வண்டியை விலைக்கு வாங்கினான். வாங்கிய கையோடு ஊர் சுற்றக் கிளம்பவில்லை. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றித் தரையில் பரப்பினான். பிறகு ஒவ்வொன்றாகப் பூட்டினான். அந்தப் பையன்தான் ஜி.டி.நாயுடு.

1937-ல் இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டார் கோவையிலிருந்து வந்ததற்குப் பின்னால் இருப்பதும் அந்தக் குணம்தான். பம்ப்செட், கிரைண்டர், மில் உதிரிபாகம் என்று பின்னாளில் இந்த ஊர் எதைச் செய்தாலும், பட்டறையில் எழுதப்படாத பாடம் ஒன்றுதான்: பிரித்துப் பார், புரிந்துகொள், பிறகு நீயே செய்.

இன்று அதே ஊரில் சரவணம்பட்டியிலும் விளாங்குறிச்சியிலும் பீளமேட்டிலும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் காலையில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புகிறார்கள். அவர்கள் கையாள்வது இரும்பை அல்ல, மென்பொருளை. சேலத்துக்கும் 2024-ல் நியோ டைடல் பூங்கா வந்துவிட்டது. ஈரோடு, திருப்பூர், நாமக்கல், கரூர் வீடுகளிலும் 'கம்ப்யூட்டர் சயின்ஸ்' என்ற வார்த்தைதான் கல்லூரி சேர்க்கை நேரத்தில் அதிகம் புழங்குகிறது.

ஆனால், மோட்டார் சைக்கிளைப் பிரித்ததுபோல மென்பொருளைப் பிரித்துப் பார்க்க முடியுமா? முடியும். அதற்கான பாடமும் தமிழிலேயே, காசில்லாமல் கிடைக்கிறது. பல வீடுகளுக்கு இன்னும் தெரியாத சேதி இது.

பூட்டிய பெட்டி, திறந்த பெட்டி

நாம் கைப்பேசியிலும் கணினியிலும் பயன்படுத்தும் ஒவ்வொரு மென்பொருளும் யாரோ வரிவரியாக எழுதிய கட்டளைகளின் தொகுப்பு. அதற்கு 'மூலநிரல்' என்று பெயர். சமையலில் பலகாரம் நம் தட்டுக்கு வருகிறது. செய்முறைக் குறிப்பு சமையல்காரரிடமே இருக்கிறது. பல நிறுவனங்களின் மென்பொருளும் இப்படித்தான். பலகாரம் தருவார்கள், குறிப்பு தர மாட்டார்கள்.

1980-ஐ ஒட்டி அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்தில் ஒரு பிரின்டர் தகராறு நடந்தது. காகிதம் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பழைய பிரின்டரின் நிரலைத் திருத்தி, சிக்கல் வந்தால் தகவல் வரும்படி செய்திருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதிய பிரின்டர் வந்தபோது நிரல் கைக்கு வரவில்லை. தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நாம் பயன்படுத்தும் பொருளை நாமே பழுதுபார்க்கக் கூடாதா என்று அன்று எழுந்த கோபம், 1983-ல் 'க்னூ' என்ற திட்டமாக அறிவிக்கப்பட்டது. 1991-ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' என்ற இயங்குதளக் கருவை வெளியிட்டார். இரண்டும் சேர்ந்து, யாரும் பயன்படுத்தலாம், படித்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம் என்ற வழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பின. தமிழில் இதைக் 'கட்டற்ற மென்பொருள்' என்கிறார்கள்.

இன்று உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அடியில் ஓடுவது லினக்ஸ்தான். இணையத்தின் பெரும்பகுதியைத் தாங்கி நிற்பதும் இந்தத் திறந்த பெட்டிதான். கலங்கல் பையனுக்கு மோட்டார் சைக்கிளை வாங்கக் காசு சேர்க்க வேண்டியிருந்தது. இன்றைய பையனுக்கோ பெண்ணுக்கோ அந்தச் செலவும் இல்லை. உலகத்தின் மிகச் சிறந்த பொறியாளர்கள் எழுதிய நிரல், பூட்டே இல்லாமல் இணையத்தில் கிடக்கிறது.

அப்படியானால் தடை எங்கே?

திறந்த பெட்டிக்கும் ஒரு பூட்டு

கொங்குப் பகுதிக் கல்லூரி எதற்குப் போனாலும் இந்த மாணவரைப் பார்க்கலாம். அந்தியூர்ப் பக்கமோ தாராபுரம் பக்கமோ அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்தவர். அப்பா தறிக்குப் போகிறார். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். குடும்பத்தில் முதல் பட்டதாரி. பள்ளியில் கணக்கில் கெட்டிக்காரர். கல்லூரியில் முதல் பருவத்திலேயே வாயடைத்துப் போகிறார். பாடம் கடினம் என்பதால் அல்ல. அது வந்து சேரும் மொழியால்.

'வேரியபிள்', 'லூப்', 'ஃபங்ஷன்' என்று சொற்கள் வரிசையாக வந்து விழும்போது ஒரு மூளை இரண்டு வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. ஒன்று, சொல்லுக்குப் பொருள் தேடுவது. இன்னொன்று, அந்தக் கருத்தைப் பிடிப்பது. பக்கத்தில் இருக்கும் ஆங்கிலவழி மாணவருக்கு இரண்டாவது வேலை மட்டும்தான். கொஞ்ச நாளில் இவர் தனக்குள் ஒரு தீர்ப்பு எழுதிக்கொள்கிறார்: "எனக்குக் கோடிங் வராது."

அந்தத் தீர்ப்பு தப்பானது. ஆனால் அதன் விலை பெரியது. கடைசி ஆண்டில் வளாகத் தேர்வுக்கு நிறுவனங்கள் வரும்போது பட்டியலில் பெயர் இருக்காது. வீட்டில், "ஏன் கண்ணு, கம்ப்யூட்டர்தானே படிச்சே... எப்ப வேலைக்குப் போறே?" என்ற கேள்வி தொடங்கும். அப்புறம் "வேலைக்கு உத்தரவாதம்" என்று பலகை வைத்த ஏதோ ஒரு பயிற்சி மையத்தில் பல்லாயிரம் ரூபாய் கட்டுவார்கள். சில வீடுகளில் அதற்கு நகை அடகுக்குப் போகும். அங்கேயும் பாடம் அதே வேகத்தில், அதே மொழியில்தான் நடக்கும்.

அரசு இந்த இடைவெளியைக் கவனிக்காமல் இல்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. ஒரு தலைமுறை அரசுப் பள்ளி மாணவர்களின் வீட்டுக்கே திறந்த பெட்டி வந்து சேர்ந்துவிட்டது! ஆனால், அது என்ன, எதற்கு என்று சொல்லித்தர ஆளில்லாத இடங்களில் திரையில் ஒரு பெயராக மட்டும் நின்றுபோனது. 2018, 2019-ல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான் மொழி என்று பாடநூல்களே தமிழில் வந்தன. பள்ளியில் தமிழில் தொடங்கியவர், கல்லூரி வாசலில் தமிழை விட்டுவிட்டு நீந்த வேண்டியிருக்கிறது. நடுவில் ஒரு பாலம் வேண்டும்.

கலைக்கதிர் முதல் கணியம் வரை

பாலம் கட்டுவது கோவைக்குப் புதிதல்ல. சுதந்திரம் கிடைத்த கையோடு, 1940-களின் இறுதியில், 'கலைக்கதிர்' என்ற அறிவியல் மாத இதழ் கோவையிலிருந்து வரத் தொடங்கியது. தொடங்கியவர் ஜி.ஆர்.தாமோதரன். 1951-ல் ஆரம்பமான பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் முதல் முதல்வர். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். பொறியியல் கல்லூரி நடத்துகிறவர் அறிவியலைத் தமிழில் அச்சடித்து ஊர் ஊராக அனுப்பினார் என்பதைக் கவனிக்க வேண்டும். கல்லூரிக்குள் வர முடியாதவர்களுக்கும் பாடம் போய்ச் சேர வேண்டும் என்ற எண்ணம் அது.

2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தபோது, அதனுடன் தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அதே ஜூன் மாதம் தமிழக அரசு யூனிகோடைத் தமிழுக்கான தரமாக ஏற்றது. கேட்க நிர்வாகச் செய்திபோல இருக்கும். ஆனால் அதற்கு முன்பு ஒரு கணினியில் தட்டிய தமிழ், இன்னொரு கணினியில் கட்டம் கட்டமாகத் தெரியும். ஒவ்வொருவரும் ஒவ்வொரு எழுத்துரு முறையை வைத்திருந்தார்கள். எல்லாரும் ஒரே முறைக்கு வந்தால்தான் தமிழில் எழுதிய பாடம் எல்லாத் திரையிலும் தமிழாகவே தெரியும், தேடினால் கிடைக்கும்.

அதற்கு அடுத்த படி 2012 ஜனவரியில் வந்தது. 'கணியம்' என்ற மின்னிதழை த.சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கினார்கள். கட்டற்ற மென்பொருள் பற்றிய செய்தி, கட்டுரை, தொடர் பாடம் எல்லாம் தமிழில். மாத இதழாகத் தொடங்கி, பிறகு இணையதளமாக, அறக்கட்டளையாக வளர்ந்தது. து.நித்யா எழுதிய 'எளிய தமிழில்' வரிசைப் புத்தகங்கள் இதில் முக்கியமானவை. மை எஸ்க்யூஎல் என்ற தரவுத்தளம், க்னூ லினக்ஸ், இணையப்பக்கம் செய்ய உதவும் எச்.டி.எம்.எல். மற்றும் சி.எஸ்.எஸ்., இயந்திரக் கற்றல் என்று ஒரு ஐ.டி. ஊழியருக்குத் தேவையான விஷயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எழுதியவர் அந்தத் துறையில் வேலை பார்ப்பவர் என்பதால், பாடம் பரீட்சைக்காக இல்லாமல் வேலைக்காக இருக்கிறது.

இந்தப் புத்தகங்களுக்கு விலை இல்லை. அதைவிடப் பெரிய விஷயம், இவை வெளியாகும் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' உரிமம். யாரும் படிக்கலாம், நகல் எடுக்கலாம், அச்சடித்து வகுப்பில் கொடுக்கலாம். எழுதியவர் பெயரைச் சொல்லி, அதே உரிமத்தில் வெளியிட்டால் திருத்தி எழுதவும் செய்யலாம். சத்தியமங்கலத்தில் ஓர் ஆசிரியர் தன் 40 மாணவர்களுக்கும் முழுப் புத்தகத்தைக் கொடுக்க நினைத்தால் யாரிடமும் கை கட்டி நிற்க வேண்டாம். இதே ஆர்வலர்கள் 2013-ல் தொடங்கிய 'ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ்' தளத்தில் இவற்றை மின்னூலாகவே இறக்கிக்கொள்ளலாம், கைப்பேசியில் படிக்கலாம்.

மொய் நோட்டும் தறி அட்டையும்

தமிழில் சொன்னால் மட்டும் புரிந்துவிடுமா? ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு கடுமையான தமிழ்ச் சொல்லை வைத்தால் பாரம் கூடத்தான் செய்யும். நல்ல தமிழ்ப் பாடம் செய்யும் வேலை வேறு. தெரிந்த ஒன்றைக் காட்டித் தெரியாததைப் புரியவைக்கிறது.

'தரவுத்தளம்' என்றால் மிரள வேண்டாம். நம் வீட்டுக் கல்யாண மொய் நோட்டை எடுங்கள். பெயர், ஊர், தொகை என்று மூன்று பத்திகள். ஒவ்வொரு வரியும் ஒரு பதிவு. "கோபிக்காரங்க எத்தனை பேர் எழுதியிருக்காங்க, மொத்தம் எவ்வளவு?" என்று பெரியம்மா கேட்டதும் உட்கார்ந்து கூட்டுகிறீர்களே, அதுதான் தரவுத்தளத்தில் கேட்கும் வினவல். நோட்டில் அரை மணி நேரம் ஆகும். கணினி ஒரு நொடியில் சொல்லும். அவ்வளவுதான் வித்தியாசம்.

'வேரியபிள்' என்பதைத் தமிழில் 'மாறி' என்கிறார்கள். மதிப்பு மாறிக்கொண்டே இருப்பதால் மாறி. சொல்லிலேயே விளக்கம் இருக்கிறது. 'லூப்' என்பதற்கு 'மடக்கு'. ஒரே வேலையை, நிபந்தனை தீரும்வரை திரும்பத் திரும்பச் செய்வது. சோமனூரிலோ பல்லடத்திலோ விசைத்தறிச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம். பாவு தீரும்வரை நாடா போய்ப் போய் வருகிறதே, அதுதான் மடக்கு.

தறிக்கும் கணினிக்கும் உறவு வெறும் உவமை இல்லை. சிறுமுகையிலும் சென்னிமலையிலும் ஜக்கார்டு தறியில் அட்டைகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டை இருந்தால் இழை தூக்கும். ஓட்டை இல்லாவிட்டால் தூக்காது. அட்டையின் வரிசைப்படி பூ வேலைப்பாடு விழும். பிரான்சைச் சேர்ந்த ஜோசப் மரீ ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த உத்தி இது. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், 1830-களில் தான் திட்டமிட்ட கணக்கிடும் இயந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க இதே ஓட்டை அட்டையைத்தான் எடுத்துக்கொண்டார். ஓட்டை உண்டு, இல்லை, ஒன்று, சுழி. கணினியின் அரிச்சுவடியே அதுதான். தறிக்காரர் வீட்டுப் பிள்ளை 'கோடிங் நமக்கு அந்நியம்' என்று நினைக்க ஒரு காரணமும் இல்லை.

இன்னும் ஒரு படி மேலே போய், கட்டளைகளையே தமிழில் எழுதினால் என்ன என்று யோசித்தவர் முத்து அண்ணாமலை. அவர் உருவாக்கியது 'எழில்' என்ற நிரல்மொழி. 'பதிப்பி' என்று எழுதினால் திரையில் அச்சாகும். 'ஆனால்', 'இல்லை' என்று நிபந்தனை போடலாம். எழிலில் வேலைவாய்ப்பு கிடைக்காதே என்று கேட்கலாம். நோக்கம் அதுவல்ல. சைக்கிள் பழகும்போது பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு வருவாரே, அதுபோல. நிரல் என்பது யோசிக்கும் முறை என்று பிடிபட்டுவிட்டால், பிறகு எந்த மொழிக்கும் தாவலாம்.

செய்தியும் பாடம்தான்

நிரலாளருக்குப் பாடம் மட்டும் போதாது, செய்தியும் வேண்டும். விவசாயிக்கு மழைச் செய்தி மாதிரி.

ஓர் உதாரணம். பைத்தான் மொழியின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ம் தேதியோடு முடிந்தது. அந்தப் பதிப்பில் திரையில் எழுத்தை வரவழைக்கும் 'பிரின்ட்' கட்டளைக்கு அடைப்புக்குறி தேவையில்லை. மூன்றாம் பதிப்பில் அடைப்புக்குறி இல்லாவிட்டால் ஓடாது. இது தெரியாமல் பழைய பாடத்தைப் பார்த்து எழுதும் மாணவருக்கு முதல் வரியிலேயே பிழைச் செய்தி வரும். தப்பு தன்னுடையது என்று நினைத்து மூடிவைத்துவிடுவார். எனவே தமிழ்ப் பாடத்தைத் திறந்ததும் எந்த ஆண்டில் எழுதியது, எந்தப் பதிப்புக்கு என்று பார்ப்பது முதல் பழக்கமாக வேண்டும். தமிழில் எழுதுபவர்கள் குறைவு என்பதால் பழைய பாடங்கள் புதுப்பிக்கப்படாமல் நிற்பதும் உண்டு.

இன்னோர் உதாரணம் சினிமாக் கதைபோல இருக்கும். 2024 மார்ச் மாதக் கடைசி. மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட், தன் சோதனைக் கணினியில் உள்நுழைய வழக்கத்தைவிட அரை நொடி அதிகமாவதைக் கவனித்தார். வேறு யாராவது இருந்தால் நெட் ஸ்லோ என்று விட்டிருப்பார்கள். அவர் பிரித்துப் பார்த்தார். கோப்புகளைச் சுருக்க உதவும் 'எக்ஸ்இசட்' என்ற சின்ன மென்பொருளுக்குள், யாரோ திருட்டு வாசல் ஒன்றைச் செருகியிருந்தார்கள். செருகிய பெயர்வழி 2 ஆண்டுகளுக்கு மேலாக நல்ல பிள்ளையாகப் பங்களித்து நம்பிக்கை சம்பாதித்தவர். அது பரவியிருந்தால் உலகெங்கும் எண்ணற்ற சர்வர்களுக்குள் புகுந்திருக்கலாம்.

இந்தச் செய்தியில் பாடம் இரண்டு. பெட்டி திறந்திருந்ததால்தான் ஒரு தனி மனிதரால் உள்ளே பார்த்துக் கண்டுபிடிக்க முடிந்தது. அந்த மென்பொருளை ஆண்டுக்கணக்கில் பராமரித்து வந்தவர் சம்பளமில்லாத ஒரு தன்னார்வலர். உதவிக்கு ஆளில்லாத அந்தக் களைப்பைத்தான் திருடர் பயன்படுத்திக்கொண்டார். உலகமே சாய்ந்து நிற்கும் சுவருக்கு ஒருவர் மட்டும் முட்டுக்கொடுக்கக் கூடாது. திறந்த பெட்டிக்குப் பார்க்கிற கண்கள் நிறைய வேண்டும். அதில் கோவைக் கண்களும் இருக்கலாம்.

ஏ.ஐ.தான் வந்துவிட்டதே?

நியாயமான கேள்வி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு தமிழிலேயே சந்தேகம் கேட்கலாம், நிரலே எழுதித் தருகிறது. பிறகு எதற்கு இந்தப் புத்தகமும் இதழும்?

முதல் காரணம், ஏ.ஐ. தரும் விடை சரியா என்று பார்க்கத் தெரிய வேண்டும். அது தப்பையும் அதே தைரியத்தோடு சொல்லும். அடிப்படை தெரிந்தவருக்கு அது நல்ல உதவியாள். தெரியாதவருக்கு, கணக்குப் பார்க்கத் தெரியாதவர் வைத்த கணக்கப்பிள்ளை.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். ஏ.ஐ. தானாக எதையும் அறிந்துகொள்வதில்லை. மனிதர்கள் எழுதிவைத்ததிலிருந்துதான் கற்கிறது. தமிழில் தொழில்நுட்பத்தைத் தெளிவாக எழுதியவர்கள் எத்தனை பேரோ, அந்த அளவுக்குத்தான் அதன் தமிழ் விளக்கமும் தெளிவாக இருக்கும். நிரலாளர்கள் சந்தேகம் கேட்கும் புகழ்பெற்ற 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' தளம் 2008-ல் ஆங்கிலத்தில் தொடங்கி, பிறகு ஸ்பானிஷ், போர்த்துகீஸ், ரஷ்யன், ஜப்பானிய மொழிகளிலும் வந்தது. தமிழில் வரவில்லை. அந்த இடத்தைக் கொஞ்சமாவது நிரப்பியவர்கள் சம்பளம் வாங்காமல் இரவில் உட்கார்ந்து எழுதியவர்கள்தான்.

எங்கே தொடங்கலாம்?

* பள்ளிப் பாடநூல்: தமிழக அரசின் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூல்கள் தமிழில் இணையத்தில் இலவசம். கல்லூரியில் திணறுபவர்களும் ஒரு முறை இதிலிருந்து தொடங்கினால் அடித்தளம் உறுதியாகும்.

* கணியம்: 'எளிய தமிழில்' வரிசை நூல்கள், தொடர்கள். முதலில் க்னூ லினக்ஸ், அடுத்து ஏதாவது ஒரு நிரல்மொழி, அதற்குப் பிறகு தரவுத்தளம் என்ற வரிசை வசதியாக இருக்கும்.

* ஸ்போக்கன் டுடோரியல்: மும்பை ஐ.ஐ.டி.யின் திட்டம். சின்னச் சின்ன வீடியோக்கள், தமிழ்க் குரலிலும் உண்டு. பாதித் திரையில் வீடியோ, பாதித் திரையில் உங்கள் பயிற்சி என்று பக்கத்திலேயே செய்து பார்க்கும் முறை.

* என்.பி.டி.இ.எல்.: ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் முழுப் பாடங்கள். பல பாடங்களின் எழுத்து வடிவம் தமிழிலும் கிடைக்கிறது. அடிப்படை முடித்தவர்களுக்கு ஏற்றது.

* பயனர் குழுக்கள்: காஞ்சி, விழுப்புரம், சென்னை லினக்ஸ் பயனர் குழுக்கள் தமிழில் கலந்துரையாடுகின்றன. விழுப்புரம் குழு கிராமப்புற மாணவர்களுக்கு இலவசப் பயிற்சியும் தருகிறது. இணையவழிக் கூட்டங்களில் எந்த ஊரிலிருந்தும் சேரலாம். "இது சின்ன சந்தேகம், கேட்கலாமா?" என்று தயங்க வேண்டாம், அதற்காகத்தான் கூடுகிறார்கள்.

* கிட்ஹப்: 2008-ல் தொடங்கிய இந்தத் தளத்தில் உலகின் திறந்த நிரல்கள் குவிந்துகிடக்கின்றன. இலவசக் கணக்கு தொடங்கி, நீங்கள் எழுதும் சின்ன நிரலையும் போட்டுவையுங்கள். என்ன செய்தீர்கள், எப்போது செய்தீர்கள் என்று எல்லாம் பதிவாகும். நேர்காணலில் 'எனக்குத் தெரியும்' என்பதற்குப் பதில் 'இதோ பாருங்கள்' என்று காட்டலாம்.

பெற்றோர் கவனத்துக்கு

பயிற்சி மையத்தில் பணம் கட்டுவதற்கு முன், பிள்ளையை ஒரு மாதம் இந்த இலவசப் பாடங்களில் உட்காரச் சொல்லுங்கள். தினமும் ஒரு மணி நேரம் போதும். ஆர்வம் இருக்கிறதா, எந்தப் பிரிவு பிடிக்கிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும். அதன் பிறகும் பயிற்சி தேவை என்றால், எது வேண்டும் என்று தெரிந்துகொண்டு சேரலாம். "வேலைக்கு கேரன்டி" என்ற வார்த்தையைக் கேட்டால், அதை எழுத்தில் தருவார்களா, கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்று கேளுங்கள். விலை உயர்ந்த கணினியும் அவசரமில்லை. பரணில் கிடக்கும் பழைய அரசு மடிக்கணினியில் இலகுவான லினக்ஸ் ஒன்றை நிறுவினால், நிரல் பழக அது தாராளமாக ஓடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தமிழ்ப் பாடத்தோடு நின்றுவிட முடியாது. புதிய மென்பொருட்களின் கையேடுகள் ஆங்கிலத்தில்தான் முதலில் வருகின்றன. அலுவலக மின்னஞ்சலும் ஆங்கிலம்தான். ஆனால் 'மடக்கு' என்றால் என்னவென்று தமிழில் தெளிவாகப் புரிந்துகொண்டவர், 'லூப்' பற்றிய ஆங்கிலப் பக்கத்தைத் திறக்கும்போது பயப்படுவதில்லை. விஷயம் தெரியும், சொல் மட்டும்தான் புதிது. இரண்டு சுமையை ஒரே நேரத்தில் தூக்காமல், ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்குகிறார்.

கடைசிப் படி

பிரித்துப் பார்த்தாயிற்று, புரிந்தாயிற்று. மிச்சம் இருப்பது எழுதுவது.

கணியம் போன்ற முயற்சிகள் வளர்ந்தது பேராசிரியர்கள் பட்டாளத்தால் அல்ல. நேற்று கற்றவர் இன்று எழுதினார். அதைப் படித்தவர் நாளைக்கு எழுதினார். புதிதாகக் கற்றவர் எழுதும் பாடத்துக்குத் தனி மதிப்பு உண்டு. எந்த இடத்தில் சறுக்கும் என்பது அவருக்குத்தான் நன்றாக நினைவிருக்கும். நிரல் எழுத வராவிட்டாலும் செய்ய வேலை இருக்கிறது. ஃபயர்பாக்ஸ், லிப்ரே ஆபீஸ் போன்ற மென்பொருட்களின் பட்டன்களையும் மெனுக்களையும் தமிழாக்குபவர்கள் தன்னார்வலர்களே. பழைய பாடத்தில் ஒரு தவறைச் சுட்டிக்காட்டுவதும் பங்களிப்புதான்.

கோவைப் பட்டறைகளில் ஒரு வழக்கம் உண்டு. லேத்தில் கை பழகிய பையன், அடுத்து வரும் சின்னப் பையனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு வேலை செய்வான். யாரும் வகுப்பெடுப்பதில்லை; பார்த்துப் பார்த்தே அவனும் தேறிவிடுவான். அந்தப் பட்டறை இப்போது இணையத்தில் திறந்திருக்கிறது. வாடகை இல்லை, பூட்டு இல்லை, பேசுவதும் நம் மொழி.

பரணில் இருக்கும் அந்த மடிக்கணினியை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கித் தூசி தட்டுங்கள்.